வடிவத்தின் பிழையைப் பயனர் தலையில் கட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையப் படிவத்தில் சரியான கைபேசி எண்ணைத் தந்தும் ‘தவறான எண்’ என்ற பதிலைப் பெறுபவர், பிழை தன்னுடையது என்றே நினைத்துக்கொள்கிறார். சில வேளைகளில், எண்ணைச் சரிபார்க்க நிரலில் எழுதப்பட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷனே (உள்ளீடு எப்படி அமைய வேண்டும் என்பதைக் குறிகளால் சொல்லும் வடிவம்) ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் உடைந்து கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

பிஹெச்பி என்னும் நிரல்மொழியில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யும் ப்ரெக்_மேட்ச் என்ற கட்டளை, உள்ளீடு வடிவத்துக்குப் பொருந்தினால் 1, பொருந்தாவிட்டால் 0, அந்த வடிவத்தையே படிக்க முடியாவிட்டால் ஃபால்ஸ் (பொய்) என மூன்று விதமாக விடை தருகிறது. ‘1 வராவிட்டால் எண் தவறு’ என்று நிரல் எழுதப்படும்போது பின்னிரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உடன் வரும் எச்சரிக்கையோ பயன்பாட்டுக்கு வந்துவிட்ட தளங்களில் பெரும்பாலும் திரைக்கு வருவதில்லை. பைத்தான் மொழி இதில் மேல்: உடைந்த வடிவத்தைக் கண்டதும் எக்செப்ஷன் (நிரலின் ஓட்டத்தை இடைமறிக்கும் பிழை அறிவிப்பு) எழுப்புகிறது, 2015-இல் வந்த 3.5 பதிப்பு முதல் பிழையின் இடத்தையும் தனியே எடுத்துத் தருகிறது. அதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் நிரல்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

தமிழ் எழுத்துகள் கொண்ட வடிவங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘தமிழ்[அ-ஹ’ என எழுதிச் சதுர அடைப்பை மூட மறந்தால், நம் கண்ணுக்கு அந்த அடைப்பு மூன்று எழுத்துகளுக்குப் பின் இருக்கிறது, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் பைத்தான் அதை 5 என்கிறது, எழுத்துகளை யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும் பைட்டுகளை எண்ணும் லைப்ரரிக்கோ (ஆயத்த நிரல் தொகுப்புக்கோ) அதே இடம் 15. கோ மொழியின் லைப்ரரி எண் எதையும் சொல்லாமல், உடைந்த ‘[அ-ஹ’ பகுதியையே பிழைச் செய்தியில் எடுத்துக்காட்டி, மூடும் அடைப்பு இல்லை என்கிறது. தமிழுக்கு இதுவே ஏற்ற முறை என்பது என் உறுதியான கருத்து.

நிரலில் மாறாமல் இருக்கும் வடிவங்களை, நிரல் தொடங்கும்போதே ஒருமுறை கம்பைல் செய்து (கணினி பயன்படுத்தும் நிலைக்கு மாற்றி) பார்த்து, உடைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வடிவத்தைத் தேடல் பெட்டியில் பயனரே தருவதாயின், எந்தப் பகுதி, ஏன் புரியவில்லை என்பதைத் தமிழிலேயே அவருக்குச் சொல்ல வேண்டும். கல்லூரிகளில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கற்பிக்கும் ஆசிரியர்கள், சரியான வடிவங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், உடைந்த வடிவத்தைக் கொடுத்து மாணவரின் நிரல் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கும் பயிற்சியையும் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர்,
கோயம்புத்தூர்