5.30 மணி அல்ல, இரவு 11 மணி

ஐயா,

போன வாரம் வடசென்னைக் காற்று பற்றிய செய்தியில் ஓர் இணையதளத்தின் வரைபடத்தை அப்படியே போட்டிருந்தீர்கள். பிஎம் 2.5 நுண்துகள் மாலை 5.30 மணிக்கு உச்சத்துக்குப் போனதாகவும், வேலை விட்டுத் திரும்பும் வண்டிகள் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கம். அன்று மாலை வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரவு 11 மணிக்குத்தான் அம்மா இருமிக்கொண்டே எழுந்து வடக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.

நான் வெப்சைட் செய்யும் வேலையில் இருப்பவள். சந்தேகம் வந்து, அந்தப் பக்கத்துக்குச் சர்வர் அனுப்பும் தரவைத் திறந்து பார்த்தேன். உச்ச அளவுக்கு நேராக 17:30 என்று இருந்தது, அதன் வாலில் ‘இசட்’ என்று ஓர் எழுத்து. அந்த எழுத்து இருந்தால் அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். பக்கத்தை எழுதியவர் வாலை வெட்டிவிட்டு 17:30-ஐ அப்படியே வரைந்துவிட்டார். கூட்டிப் பாருங்கள், இரவு 11. மாலை 5.30 என்றால் வண்டிப் புகை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரவு 11 என்றால் வேறு சில வாசல்களில் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

அதே படத்தில் நடுவே 6 மணி நேரம் கோடு தரையில் கிடந்ததே, கவனித்தீர்களா? ஆலைகள் நிறைந்த மணலிக்கும் எண்ணூருக்கும் பக்கத்தில் தூசு பூஜ்யமாம்! தரவில் பார்த்தால் அந்த மணிகளுக்கு அளவே வரவில்லை, வெறும் இடம். வெறும் இடத்தை எண்ணாக மாற்றச் சொன்னால், இணையப் பக்கங்களை இயக்கும் கணினி மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பூஜ்யம் என்றுதான் கொடுக்கும். மீதி 18 மணி நேரத்தின் சராசரி, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஆறு பூஜ்யங்களையும் சேர்த்து 24-ஆல் வகுத்ததில் அது 60 ஆகிவிட்டது. நம் நாட்டில் 24 மணி நேரத்துக்கு அனுமதித்த அளவும் 60-தான். பச்சைக் கட்டத்தில் ‘வரம்புக்குள்’ என்று போட்டுவிட்டார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

இதைத் திருத்த அரை நாள்கூட ஆகாது. ‘இசட்’டை வெட்டாமல் விட்டாலே போதும், இங்கே இருக்கும் போனும் கம்ப்யூட்டரும் தானாக நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். அளவு வராத மணிக்கு ‘நல்’ (null, அதாவது ‘மதிப்பு இல்லை’) என்று வைத்தால் கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். அப்புறம் 18-ஆல்தான் வகுக்க வேண்டும். அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். ‘கருவி தருவதையே காட்டுகிறோம்’ என்று ஒரு வரி பதில். கருவி சரியாகத்தான் சொல்கிறது!

அவர்கள் எப்போது திருத்துவார்களோ, நீங்கள் அந்த நேரத்தையாவது திருத்திப் போடுங்கள். அம்மா உங்கள் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, ராத்திரி படுக்கும்போது திறந்து வைக்கிறார்.

வாசகி,
திருவொற்றியூர்