‘ஒத்துழைக்கவில்லை’ என்ற வரியைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய நரம்பியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் டே கேர் வார்டு மருத்துவர்கள், செவிலியர்களுக்கும்,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை என் கேஸ் ஷீட்டில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி, மருந்து ஏற்றாமலே வீட்டுக்கு அனுப்பினீர்கள். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) என்ற என் நரம்பு நோய்க்கு ஏற்றும் ஓக்ரெலிசுமாப் மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது, ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை ஏறிவிடும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் போடும் 100 மி.கி. மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை இந்த முறை குறைக்கவோ தவிர்க்கவோ முடியுமா, கலந்து பேசாமல் போடாதீர்கள் என்றுதான் சொன்னேன். “புரோட்டோகால் அப்படித்தாம்மா” என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு, போன முறை அதைப் போட்டபோது நடந்ததைக் கேளுங்கள். அன்று மாலை வீடு சேரும்போது என் சர்க்கரை 290. இரவு பதினொரு மணிக்கு 418. நாக்கு வறண்டு, குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கவில்லை. எம்.எஸ். வந்த எனக்குச் சிறுநீர் வந்தால் அடக்க வராது, வலது கால் இழுக்கும். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் பதினோரு அடி. அந்த இரவு ஒன்பது முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏழாவது முறை போய்ச் சேரவில்லை. பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் வந்து தரையைத் துடைத்தாள், நைட்டியை மாற்றிவிட்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சர்க்கரை 200-க்குக் கீழே வர மூன்று நாள் ஆனது.

ஸ்டீராய்டு எதற்கென்று எனக்கும் தெரியும். மருந்து ஏறும்போது அரிப்பு, காய்ச்சல், தொண்டை இறுக்கம் வராமல் இருக்க. அவில் ஊசியும் பாராசிட்டமாலும் அதற்குத்தான். அவற்றை நான் மறுக்கவில்லை. இந்த எதிர்வினைகள் அதிகம் வருவது முதல் முறை ஏற்றும்போதுதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு இது ஐந்தாவது முறை. இதுவரை ஒரு தடிப்புகூட வந்ததில்லை. அந்த 100 மி.கி., உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் அளவைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

இல்லை, போட்டே ஆகவேண்டும் என்று யோசித்துச் சொல்கிறீர்களா, போட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு இன்சுலின் எத்தனை யூனிட் கூட்டுவது என்று யார் சொல்வது? சர்க்கரை டாக்டர் “நரம்பு டாக்டரைக் கேளுங்க” என்கிறார். நீங்கள் அவரைப் பார்க்கச் சொல்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எம்.எஸ். நோயையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் லிஃப்ட் வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். ஒரு சக்கர நாற்காலி வரவில்லை. கால் மரத்துப்போன பிறகு மேலே வந்தவளைத்தான் ஒத்துழைக்காதவள் என்று எழுதினீர்கள். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். ‘சர்க்கரை நோய் காரணமாக ஸ்டீராய்டு குறித்து ஆலோசனை கேட்டார்’ என்று எழுதினால் போதும். அடுத்த முறைக்கு முன் சர்க்கரை டாக்டரோடு சேர்ந்து பேசி, ஸ்டீராய்டு உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பது, எத்தனை யூனிட் போடுவது என்று என் கோப்பில் எழுதிவையுங்கள். பேசாமல் போடாதீர்கள்.

தள்ளிப்போன மருந்துக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. நாள் கடக்கக் கடக்கக் காலை நினைத்தால் பயமாக இருக்கிறது. விரைவில் தேதி கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் எண் படுக்கையில் காத்திருந்தவள்