குளித்தலை சிறு கடைக்காரர்கள் சார்பாக மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

நாள்: 12.07.2021

அனுப்புநர்
தேநீர்க் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையம் அருகில்,
குளித்தலை, கரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கரூர்.

பொருள்: ஊரடங்கு அறிவிப்புகளை அமலுக்கு முன்பே கடைவாரியாகத் தெரிவிக்கவும், மூடிக் கிடந்த சிறு கடைகள் மீண்டு எழக் கடன் முகாம் நடத்தவும் வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குளித்தலை பேருந்து நிலையம் அருகே பதினாறு வருடமாக டீக்கடை நடத்தி வருகிறேன். என் வரிசையில் உள்ள சலூன், செருப்புக் கடை, செல்போன் ரிப்பேர் கடை, தையல் கடைக்காரர்களும் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். கொரோனா ஊரடங்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. மே மாதம் எங்கள் தெருவிலேயே சாவு விழுந்தது. கடையை மூடச் சொன்னதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை எங்களுக்குச் சொன்ன விதத்தில்தான் சிக்கல்.

மே 10 முதல் முழு ஊரடங்கு என்று 8ஆம் தேதி அறிவிப்பு வந்தது. தளர்வில்லாத ஊரடங்கு 24 முதல் என்று 22ஆம் தேதி சொன்னார்கள். இரண்டும் சனிக்கிழமை. 8 இரண்டாவது சனி, 22 நான்காவது சனி. இரண்டு நாளும் வங்கி விடுமுறை. கடைகளை இரவு 9 மணி வரை திறந்து வைக்க அரசு அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தையும், வேலைக்காரப் பையன்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய பணத்தையும் ஏடிஎம் வாசலில் நின்று எடுத்துவிட முடியவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது கண்ணில் படாது. அன்றாடம் கல்லாவைப் புரட்டிப் பிழைப்பவனுக்கு அந்த ஒன்றரை நாள்தான் எல்லாம்.

அதைவிட மோசம் மே 14. அன்று ரம்ஜான். மறுநாள் காலை 4 மணியிலிருந்து டீக்கடைகள் திறக்கக் கூடாது என்று அன்றைக்கு அறிவித்தார்கள். காலை 4 மணி என்பது ஐயா, நாங்கள் பாய்லரில் கரி போடும் நேரம். நான் வாடிக்கையாக வாங்கும் 30 லிட்டர் பாலுக்கு முதல் நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். சொல்லியும் விட்டேன். இரவு வாட்ஸ்அப்பில் ஒரு அரசாணைப் படம் வந்தது. உற்றுப் பார்த்தால் 2020ஆம் வருடத்து ஆணை, தேதி இருந்த மேல் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இதுவும் பழைய கதைதான் என்று படுத்துவிட்டேன். விடியற்காலை பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போன கால் மணி நேரத்தில் வண்டி வந்து கடையைச் சாத்தச் சொல்லிவிட்டது. பத்து லிட்டரை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன், மீதியை உறை ஊற்றினேன். அந்தத் தயிரை என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பால்காரர் கணக்கை இன்றுவரை முழுதாக அடைக்கவில்லை. அவர் வீட்டு மாட்டுக்கும் ஊரடங்கு தெரியாதல்லவா.

அடுத்தது பாலம். காவிரிக்கு இந்தப் பக்கம் குளித்தலை, அந்தப் பக்கம் முசிறி. பாலத்தைத் தாண்டினால் திருச்சி மாவட்டம். ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டீக்கடைகள் பார்சல் கொடுக்கலாம் என்று தளர்வு வந்தபோது, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வரிசையில் கரூரும் உள்ள 11 மாவட்டங்களுக்கு அது இல்லை. நோய் கூடுதலாக இருந்த மாவட்டங்கள், அதனால் பொறுத்துக்கொண்டோம். ஆனால் எங்கள் வாடிக்கையாளரே தூக்குவாளியோடு பாலத்தைக் கடந்து முசிறியில் டீ வாங்கி வந்தார்! கூட்டம் குறையவில்லை, இடம்தான் மாறியது. நோயைத் தடுக்க மாவட்ட எல்லையைப் பார்ப்பதைவிட, ஆற்றின் இரு கரையிலும் ஒரே சந்தையாகப் புழங்கும் ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம் என்பது என் தாழ்மையான கருத்து. பிறகு எங்களுக்கும் பார்சல் அனுமதி வந்தது. ஆனால் பேருந்து 28ஆம் தேதி அந்த 27 மாவட்டங்களுக்குத்தான் ஓடியது. எங்களுக்கு ஜூலை 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஸ் வராத பஸ் ஸ்டாண்டில் பார்சல் டீயை யார் வாங்குவார்கள்?

அனுமதி உண்டா இல்லையா என்று தெரியாத கடைகள் இன்னொரு கூட்டம். ஆணையில் ‘மின் சாதனப் பழுது’ என்று இருந்தால் செல்போன் ரிப்பேர் அதில் வருமா? ஒரு நாள் வந்த காவலர் வரும் என்றார், மறுநாள் வந்தவர் வராது என்று சொல்லி அபராதம் எழுதினார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையிலும் எங்கள் கையிலும் இருந்தது அதே வாட்ஸ்அப் படம்தான்.

மூன்றாவது அலை வரும் என்று பேச்சு இருக்கிறது. வரக்கூடாது என்றுதான் வேண்டுகிறோம். வந்தால், சென்னையிலிருந்து ஆணை வந்த அன்றே, நம் மாவட்டத்துக்குப் பொருந்துவதை மட்டும் ஒரே பக்கத்தில், டீக்கடை, சலூன், தையல், ரிப்பேர் என்று கடைப் பெயரோடு, தேதியும் தங்கள் அலுவலக முத்திரையும் தெரிய வெளியிட்டு நகராட்சி அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டச் செய்ய வேண்டுகிறேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. இது தங்கள் அதிகாரத்துக்குள் உள்ளது என்று நினைக்கிறேன். அழுகும் சரக்கு வைத்திருக்கும் கடைகளுக்கு மட்டும் ஆணைக்கும் அமலுக்கும் இடையே ஒரு முழு வேலை நாள் தர வேண்டும் என்பது அரசு முடிவெடுக்க வேண்டியது. அதைத் தங்கள் பரிந்துரையோடு மேலே அனுப்பினால் போதும்.

இனி கடன் விஷயம். அரசு கொடுத்த 4,000 ரூபாயும் 14 பொருள் கொண்ட மளிகைப் பையும் வீட்டைக் காப்பாற்றின, நன்றியோடு சொல்கிறேன். கடையைத் தூக்கி நிறுத்த அது போதாது. பிரதமர் ஸ்வநிதியில் 10,000 ரூபாய் கடன் உண்டு, ஆனால் அது சாலையோர வியாபாரிகளுக்கு. எனக்குத் தலைக்கு மேல் ஓடு இருக்கிறது, ஆகவே நான் அதில் இல்லை. அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் இருந்த நிலுவைக் கடனில் 20 சதவீதம் என்றுதான் தொடங்கியது. கடன் வாங்காமலே இத்தனை வருடம் ஓட்டினேன், பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு என்று தாங்களே கணக்குப் போடலாம். இப்படி இரண்டு திட்டத்துக்கும் நடுவில் விழுந்தவர்கள்தான் எங்கள் வரிசையில் பாதிப் பேர். அவர்கள் இப்போது தினவட்டிக்காரரிடம் நிற்கிறார்கள்.

ஏற்கெனவே கடன் உள்ளவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தவணையை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கி மே 5 அன்று அனுமதித்திருக்கிறது, செப்டம்பர் 30 வரைதான் கெடு. என் பக்கத்துத் தையல்காரர் வங்கிக் கிளையில் இதைக் கேட்டபோது, எங்களுக்குத் தகவல் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜூலை 2 முதல் சில்லறை, மொத்த வியாபாரிகளும் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பதிவு செய்து, முன்னுரிமைக் கடன் பெறலாம் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. இதுவும் குளித்தலையில் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே மாவட்டத் தொழில் மையமும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் சேர்ந்து இந்த மாதத்துக்குள் குளித்தலையிலேயே ஒரு முகாம் நடத்த உத்தரவிட வேண்டும். கரூருக்கு ஒருமுறை போய் வந்தால் எங்களுக்கு ஒரு நாள் வியாபாரம் போகிறது, அதுவும் அலுவலர் அன்றைக்கு இருக்கையில் இருந்தால்தான். முகாமில் உத்யம் பதிவு, முத்ரா என்ற சிறு தொழில் கடனுக்கான விண்ணப்பம், மறுசீரமைப்பு மனு மூன்றையும் ஒரே மேஜையில் வாங்கிக்கொள்ளட்டும். நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். நகராட்சிக் கடைகளில் இருப்பவர்களுக்கு, கடை மூடியிருந்த நாட்களுக்கான வாடகையைத் தள்ளுபடி செய்யவும் பரிந்துரைக்க வேண்டுகிறேன். என் கடைச் சொந்தக்காரர் தனியார், அவரே கூப்பிட்டு ஜூன் மாதத்துக்குப் பாதி வாடகை போதும் என்றார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தேநீர்க் கடை உரிமையாளர்
(வரிசைக் கடைக்காரர்கள் 11 பேர் கையொப்பத்துடன்)

இணைப்பு: பால் கணக்கு நோட்டின் மே மாதப் பக்கம், அபராத ரசீது - நகல்கள்.