ஒற்றை ஜிமிக்கி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

பெட்டியைப் பிரித்தால் ஒற்றை ஜிமிக்கிதான் இருந்தது என்றாய். இன்னொன்று இங்கே பீரோவில் என்று அந்த நொடியே உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக நெதர்லாந்தில் இருக்கும் உன் டெல்ஃப்ட்டுக்கு எந்தச் சேதியும் பறந்து வரவில்லை; நான் பெட்டி கட்டும்போதே பிரிந்த ஜோடி. நீ சொல்கிற குவாண்டம் பின்னலில் பிணைந்த துகள் ஜோடியை எவ்வளவு தள்ளி வைத்து அளந்தாலும் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்துமாம்; அவற்றுக்குள்ளும் முன்பே ஏதோ ஒளிந்திருக்கும் என்று போனில் சண்டை போட்டேன். 1935இல் ஐன்ஸ்டைனுக்கும் இதே மாதிரி சந்தேகம்தான் என்று சமாதானம் சொன்னாய்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க ஜான் பெல் என்ற இயற்பியலாளர் 1964இல் போட்ட கணக்கை விளையாட்டாக்கிச் சொன்னாயே, அதை அப்பாவோடு ஆடிப் பார்த்தேன். அவர் திண்ணையில், நான் அடுக்களையில். பக்கத்து வீட்டுப் பையன் காசு சுண்டி, ஆளுக்கொரு கேள்வி கேட்பான்: தக்காளியா, வெங்காயமா? பதில் ‘வேணும்’ அல்லது ‘வேண்டாம்’. இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும்; இருவருக்குமே வெங்காயம் வந்தால் மட்டும் மாற வேண்டும். அப்பா பாதியில் தூங்கிப்போனார். சரி என்று கரண்ட் பில்லின் பின்பக்கம் நானே எழுதினேன். முன்கூட்டிப் பேசி வைக்க ஆளுக்கு 4 வழி, சேர்த்தால் 16. எதிலும் நாலுக்கு மூன்றைத் தாண்டவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, இரண்டு தரம் சரிபார்த்தேன். 75 சதவீதம்தான். பிணைந்த துகள்களை அளந்து பதில் சொன்னாலோ 85 வரை போகுமாம். முன்பே முடிவானது என்ற என் ஜிமிக்கி வாதம் தோற்ற இடம் அது.

உன் ஊரிலேயே 2015இல், துகள்களை 1.3 கிலோமீட்டர் தள்ளி வைத்து, ஒளி ஓடிப்போய்ச் சொல்வதற்குள் இரண்டு பக்கமும் அளந்துவிட்டார்களே. நம் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் உள்ள தூரம்!

ஒளியை முந்துகிற ரகசியத் தூது என்று வைத்துக்கொண்டால்? அந்தத் தூதை வைத்து நாம் ஒரு சேதியும் அனுப்ப முடியாதபடி எண்கள் எல்லாம் கச்சிதமாக அமைந்து மறைக்க வேண்டும். அதே 2015இல் வுட், ஸ்பெக்கன்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காட்டியது இதைத்தான் என்றாய். தினமும் வாளையார் எல்லையைத் தாண்டுகிற லாரி ஒருநாளும் டயர் தடம் விடவில்லை என்பது மாதிரி இருக்கிறது. நான் நம்பமாட்டேன்.

கேள்வி கேட்கிற பையனும் கூட்டு என்று சொல்லித் தப்பிக்கலாமாம். குவேசர் என்கிற வெகுதூரத்து விண்பொருளின் பல நூறு கோடி ஆண்டு பழைய வெளிச்சத்தை விட்டே கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் செய்தும் பார்த்தாயிற்று. அவ்வளவு பழைய சதியா?

அப்புறம் காரணம்தான் என்ன? அடுத்த ஞாயிறு இதைத்தான் கேட்பேன், பதிலோடு இரு.

ஜிமிக்கியைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். திருகாணி தனிப் பொட்டலம். பார்த்துப் பிரி.

அம்மா