சிலந்தி வாங்குவோருக்கும் சட்டம் தெரியட்டும்

ஐயா,

அயல்நாட்டு வளர்ப்பு உயிரினங்களைப் பதிவு செய்வது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கிளி, ஆமை, பாம்பு என்று எழுதிய நீங்கள் டரான்டுலா என்ற பெரிய, முடியடர்ந்த சிலந்தியையும் சேர்த்திருக்கலாம். வடஆற்காட்டுக்காரர்களுக்கு அது அந்நியமல்ல. மரப்பொந்தில் வாழும் இந்திய அலங்காரச் சிலந்தி என்ற டரான்டுலாவை 1899-இல் ஆங்கில விலங்கியலாளர் போகாக் முதன்முதலில் விவரித்தது அரக்கோணத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். அந்தச் சிலந்தி சேர்ந்த பேரினம் முழுவதும் 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அதே பேரினத்தைச் சேர்ந்த, ஆந்திரக் காட்டின் நீலச் சிலந்தி அழிவின் விளிம்பிலேயே நிற்கிறது. பெண் சிலந்தி பத்தாண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. காட்டிலிருந்து சிலவற்றைப் பிடித்தாலே இழப்பு பெரிது.

2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும் 2024 பதிவு விதிகளும் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. சரி, வாங்குபவருக்கு இது யார் மூலம் தெரியும்? வேலூரில் அலங்கார மீன் கடை ஒன்றில் டப்பாவில் குட்டிச் சிலந்தி விற்றார்கள். எங்கிருந்து வந்தது, காகிதம் உண்டா என்று கேட்டேன். "பண்ணையில் பிறந்தது சார்" என்பதோடு பேச்சு முடிந்தது. காகிதம் இல்லாவிட்டால் பண்ணையில் பிறந்ததையும் காட்டில் பிடித்ததையும் எப்படிப் பிரித்தறிவது? 2021-இல் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பார்சலில் 107 சிலந்திகளைச் சுங்கத்துறை பிடித்ததே, அதுபோல நாட்டின் வாசலில் பிடிபடுவதை மட்டும் நம்பியிருக்க முடியாது. உயிரினம் விற்கும் கடைகளில் பதிவு விதிகளைத் தமிழில் எழுதி வைக்கவும், விற்பனை ரசீதில் இனப்பெயரையும் மூலத்தையும் குறிக்கவும் மாவட்ட வனத்துறை உத்தரவிட வேண்டும். வேலூர் அருகே உள்ள அமிர்தி உயிரியல் பூங்காவிலேயே ஒரு பதிவு உதவி மேசை வைக்கலாம்.

– ஒரு வாசகர், காட்பாடி