முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்: விபத்துப் பிரிவில் பணியில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

விபத்துப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். எலும்பு முறிந்து, அதன் பக்கத்தில் தோலும் கிழிந்து வருபவர்களுக்குப் போட வேண்டிய முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் பற்றி எழுதுகிறேன்.

என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து இடது கால் முறிந்த இரவில் நான் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தல். "சின்னக் காயம்தான், ஒரு தையல் போட்டால் போதும். முதலில் எலும்பைப் பார்ப்போம்" என்றார் பணியில் இருந்தவர். நானும் அதை நம்பினேன். ஆனால் அந்தப் பொத்தலிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அதன் மேல் எண்ணெய்த் துளி மாதிரி சின்னச் சின்னப் பளபளப்பு மிதந்தது.

அது எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு என்று பல மாதம் கழித்து வேறொரு மருத்துவர் சொன்னார். முறிந்த எலும்பின் முனை உள்ளிருந்து தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. கால் மடங்கி நிமிர்ந்தபோது மறுபடி உள்ளே போயிருக்கிறது. வெளியே ஒட்டிய மண்ணும் கூடவே போயிருக்கிறது. முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு சின்ன ஓட்டை இருந்தாலும், இல்லை என்று உறுதியாகும் வரை அதைத் திறந்த முறிவாகவே, அதாவது முறிந்த எலும்புக்கு வெளியிலிருந்து வழி திறந்துவிட்ட முறிவாகவே, எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கீழ்க்காலின் முன்பக்கத்தில் எலும்புக்கு மேல் தசை கிடையாது, வெறும் தோல்தான். அதனால் அங்கே இது அடிக்கடி நடக்கிறது.

அன்று இரவு நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்க ஒன்றரை மணி நேரம். யார் வந்தாலும் காயத்தின் மேல் போட்ட கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். நான் பார்க்கவே நான்கு முறை. அப்புறம் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் ஆன்டிபயாட்டிக் ஏறியது. விழுந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அது வரை வலிக்கு ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். கையில் நரம்பு ஊசி இருந்தது, மருந்து அலமாரியில் இருந்தது. அதைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், மருந்து ரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. நொறுங்கிய எலும்புத் துண்டுக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிட்டால் மருந்தும் அங்கே போகாது. கிருமி மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செத்த எலும்பின் மேலும், எலும்பைச் சேர்க்க நீங்கள் பிறகு வைக்கும் உலோகப் பிளேட்டின் மேலும் அது வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் உள்ளே இருப்பவை முழுதாகச் சாவதில்லை. மறுபடி திறந்து, செத்த எலும்பைச் செதுக்கி எடுத்தால்தான் உண்டு. என் தம்பிக்கு ஏழாவது வாரம் தழும்பின் ஓரத்தில் ஒரு முள் அளவு துளை விழுந்து சீழ் வந்தது. அதற்குப் பிறகு மூன்று அறுவை சிகிச்சை. இன்றும் அந்த இடம் லேசாகச் சிவந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. எலும்பில் தங்கிய தொற்று பல வருடம் கழித்தும் தலைதூக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனுக்கு ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட முறிவு என்றால் காலையே எடுப்பது சாதாரணம். அந்தச் சிறுவனின் கால் சீழ் பிடிக்காமல் ஆறு வாரத்தில் கூடியது. பிறகு 1974இல் வந்த ஓர் ஆய்வில், திறந்த முறிவு வந்தவர்களில் ஆன்டிபயாட்டிக் இல்லாதவர்களுக்கு நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத் தொற்று வந்தது. செபலோஸ்போரின் என்ற வகை ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் அது இரண்டுக்குச் சற்று மேல்தான். காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து நரம்பில் ஏற வேண்டும் என்று பிரிட்டன் எலும்பு மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆகவே கேட்கிறேன். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன்பே அந்த முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்க அரை நிமிடம் போதும். நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்புவதாக இருந்தாலும் போட்டுவிட்டு அனுப்புங்கள். "அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணத்தில்தான் எங்கள் ஐந்து மணி நேரம் போனது.

கட்டை ஒரே ஒரு முறை பிரியுங்கள். கண்ணுக்குத் தெரியும் குப்பையை எடுத்துவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து, சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) நனைத்த காஸ் துணியால் மூடுங்கள். அடுத்து வருபவருக்குப் படத்தைக் காட்டினால் போதும். எத்தனை முறை திறக்கிறோமோ அத்தனை முறை வார்டில் இருக்கும் கிருமிக்கும் வழி விடுகிறோம். வெளியே நீட்டியிருக்கும் எலும்பை விபத்து நடந்த இடத்தில் யாரும் உள்ளே தள்ளக் கூடாது என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கும் சொல்லுங்கள். உள்ளே ஆழக் கழுவுவது அறுவை அரங்கில் நடக்கட்டும். அங்கேயும் வெறும் சலைனே நல்லது. சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டது என்று 2015இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேளுங்கள். மண் பட்ட காயத்தில் அந்தக் கிருமி பெரும்பாலும் 3 முதல் 21 நாளில் வேலையைக் காட்டும். அப்போது காயம் ஆறியதுபோலக் கூட இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். வலி குறைந்துகொண்டே வந்து திடீரென்று கூடினால், கட்டு நனைந்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். என் தம்பிக்குச் சீழ் வருவதற்கு எட்டு நாள் முன்பே ராத்திரியில் கால் விண்விண் என்று தெறித்தது. எலும்பு கூடும்போது அப்படித்தான் இருக்கும் என்று நான்தான் அவனைச் சமாதானப்படுத்தினேன். யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பேன்.

நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்பும் சீட்டில் பெயர், வயது, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. முதல் ஆன்டிபயாட்டிக் கொடுத்த நேரம் என்று ஒரு வரியை அதில் சேருங்கள். அந்த வரி காலியாக இருந்தால் எழுதுகிறவர் கண்ணில் படும்.

இப்படிக்கு,
அந்தக் கட்டிலின் தலைமாட்டில் நின்ற அண்ணன்