கல்வெட்டுக்கு மாவு பூச வேண்டாம், டார்ச் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாகக் கல்வெட்டு கிடைத்ததாகச் செய்தி வரும்போதெல்லாம், கூட வரும் படத்தில் எழுத்துகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுத்திருப்பார்கள், அல்லது மாவைத் தேய்த்திருப்பார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் சாக்பீஸ் போட்ட படத்தில் நாம் பார்ப்பது கல்லில் உள்ள எழுத்தை அல்ல, கோடு போட்டவர் படித்த எழுத்தை. அவர் ஒரு சுழியை விட்டுவிட்டால், படத்தை வைத்துப் படிக்கிற அத்தனை பேரும் அதை விட்டுவிடுவார்கள். மாவு கல்லின் நுண்துளைகளில் தங்கி, ஈரம் பட்டதும் பூஞ்சை பிடிக்கும். கம்பி பிரஷ் இன்னும் மோசம்.

இவை எதுவும் தேவையில்லை. கேமராவிலேயே உள்ள ஃபிளாஷும் உதவாது. லென்ஸ் பார்க்கும் திசையிலேயே அது அடிப்பதால், எழுத்தின் பள்ளத்தில் நிழலே விழாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சுவரை ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரி சாய்வில் வரவேண்டும். ஆழமாக வெட்டிய எழுத்தானால் 30 டிகிரி வரை உயர்த்தலாம். சரியாகக் கொத்தாத கருங்கல்லில் ரொம்பவும் தாழ்த்திவிட்டால் உளித்தடமும் சொரசொரப்பும் சேர்ந்து கறுத்து எழுத்தை விழுங்கிவிடும்.

பலரும் தவறுவது தூரத்தில்தான். ஒரு மீட்டர் அகலக் கல்லுக்கு அரை மீட்டர் தள்ளி டார்ச்சை வைத்தால், மறு ஓரம் மூன்று மடங்கு தூரத்தில் இருக்கும். அங்கே ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் சேரும். அதே டார்ச்சை 3 மீட்டர் தள்ளிப் பிடித்தால் இரண்டு ஓரங்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவு. வெளிச்சம் குறைகிறதே என்று கிட்டே கொண்டுபோக வேண்டாம். முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துவார அளவு) வைத்து, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்துவிட்டால் சரியாகிவிடும். டைமர் போட்டு எடுத்தால் அதிராது. பகலில் இது நடக்காது. இருட்டிய பிறகு எடுக்க வேண்டும், அல்லது கறுப்புப் போர்வையால் வெயிலை மறைக்க வேண்டும்.

ஒரு திசையோடு நிறுத்தவும் கூடாது. வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடுகிற கோடு நிழல் தராது. நேர் மேலிருந்து அடித்தால் செங்குத்துக் கோடுகள் மங்கி, ‘ப’வும் ‘ட’வும் வெறும் அடிக்கோடாகிவிடும். இடமிருந்து அடித்தால் அந்த அடிக்கோடு மறையும். ஆகவே கேமராவை அசைக்காமல் இடம், வலம், மேல், இடமேல் மூலை என்று குறைந்தது நான்கு படங்கள் வேண்டும்.

செல்போனில் எடுப்பவர்கள் எச்.டி.ஆரையும் நைட் மோடையும் அணைத்துவிட்டு, அளவுகளை நாமே வைக்கும் புரோ மோடில் எடுக்கவும். அந்த வசதிகள் நிழலை வெளுக்க வைப்பவை. நமக்கு வேண்டியதோ நிழல். டார்ச்சை இன்னொருவர் பிடிக்கட்டும்.

இதையே விரிவாகச் செய்யும் ஆர்.டி.ஐ. (Reflectance Transformation Imaging; தகவல் உரிமைச் சட்டம் அல்ல) என்ற படமெடுக்கும் முறைக்கு 2001இல் எச்.பி. கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு அடித்தளமிட்டது. பளபளப்பான கறுப்பு உருண்டை ஒன்றைக் கல்லருகே வைத்து, ஒளியின் திசையை மாற்றி மாற்றி ஐம்பது படம் வரை எடுக்கிறார்கள். உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து மென்பொருள் திசையைக் கணக்கிடும். பிறகு கணினித் திரையிலேயே வெளிச்சத்தை நகர்த்திப் படிக்கலாம். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

தங்கள் நிருபர்களிடம் சாக்பீஸ் போடாத படத்தையே, அளவுகோலும் தெரியும்படி கேட்டு வாங்க வேண்டுகிறேன். பல திசைப் படங்களில் ஒன்றைத்தான் அச்சிட முடியும் என்றால், இடமேல் மூலையிலிருந்து ஒளி விழும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து ஒளி பட்ட படத்தில் குழிவான எழுத்து புடைப்பாகத் தெரிந்து வாசகரைக் குழப்பும்.

இப்படிக்கு,
கல்வெட்டு ஆர்வலர்,
புதுக்கோட்டை